பாக் குந்தோரோவின் வேகம்

ஐந்தாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டியதும் என் வலது கை தானாக எழுந்து இடது புயத்தைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. வியர்வையில் நனைந்த தோல்தான் இருந்தது. எனக்கு முன்னால் எட்டுப் பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். செமாராங் நகரம் இன்னும் சரியாக விடியவில்லை. நானோ இல்லாத ஒரு போனில் இல்லாத ஒரு பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தேன். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அன்றைய மராத்தானில் முதல் மூன்று இடத்துக்குள் வரும் பெண்களை மாகாண அணியின் முகாமுக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். முகாம் என்றால் சாப்பாடு, தங்குமிடம், கைச்செலவுக்கு மாதாமாதம் ஒரு தொகை. தேசியப் போட்டியில் ஏதாவது ஒரு பதக்கம் கழுத்தில் விழுந்துவிட்டால் அரசு வேலைக்கும் வழி உண்டு. இந்த முறை விட்டால் அடுத்த தேசியப் போட்டி நான்கு வருஷம் கழித்து. எனக்கு முப்பது முடிந்துவிட்டது. சுற்றி வளைப்பானேன், எனக்கு இருந்தது இந்த ஒரு ஓட்டம்தான்.

நான் சாலாதிகாக்காரி. மெர்பாபு மலை அடிவாரத்து ஊர். எங்கள் ஊரில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் யாராவது ஓடுவார்கள், மழையில் நனைந்த காலணி வாசலில் காயும். பதினெட்டு வயதில் மாவட்ட அளவில் நானும் பேர் வாங்கியவள்தான். பிறகு கல்யாணம், ஆயத்த ஆடை ஆலையில் தையல் வேலை, ஆலையில் ஆள்குறைப்பு. அதற்குப் பிறகு ஜோக்கி.

எங்கள் நாட்டில் எல்லாவற்றுக்கும் ஜோக்கி உண்டு. பரீட்சைக்கு ஆள் மாறி உட்காருகிறவன் ஜோக்கி. ஜகார்த்தாவில் காரில் மூன்று பேர் இருந்தால்தான் விடுவோம் என்று சாலையில் சட்டம் போட்டிருந்த காலத்தில், தெருமுனையில் நின்று கூலிக்குக் காரில் ஏறி உட்கார்ந்தவர்களும் ஜோக்கிகள்தான். நான் ஓட்ட ஜோக்கி. ஊரெல்லாம் ஓட்டப் பைத்தியம் பிடித்துப்போய், தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓடினோம் என்று போனிலுள்ள செயலியில் போட்டுக் காட்டாதவனுக்கு ஆபீசில் மரியாதை இல்லை என்றாகிவிட்டது. ஓட நேரம் இல்லாதவர்களும், ஓட உடம்பு வராதவர்களும் என்ன செய்வார்கள்? என்னிடம் வந்தார்கள். அவர்களுடைய கணக்கை என் கையிலிருக்கும் ஏதாவது ஒரு பழைய போனில் திறந்துவைத்து, அந்தப் போனைக் கட்டிக்கொண்டு நான் ஓடுவேன். ஓடியது அவர்கள் பெயரில் ஏறும். இடது புயத்தில் இரண்டு, வலது புயத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று. கால் இரண்டுதான், பெயர் நாலு.

இதிலும் தொழில் நுணுக்கம் உண்டு. வேகமாக ஓடிக் கொடுத்தால் வாடிக்கையாளர் மாட்டிக்கொள்வார். தொப்பையோடு மாடிப்படி ஏறி மூச்சு வாங்குகிற மேலாளர் கிலோமீட்டருக்கு நாலரை நிமிஷத்தில் ஓடினார் என்றால் யார் நம்புவார்கள்? மெதுவாக, நம்பும்படி ஓட வேண்டும். நடுவில் ஒரு சிக்னலில் நிற்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் சரியில்லாமல் ஓட வேண்டும். ஐந்து கிலோமீட்டர் ஆனதும் நின்று, பொத்தானை அமுக்கி, ஓட்டத்துக்கு ஒரு தலைப்பும் நானே எழுதுவேன். ‘லேசான ஓட்டம், முழங்காலில் கொஞ்சம் வலி.’ ‘மழைக்கு முன் ஒரு அவசர ஓட்டம்.’ இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு அதே போன்களில் அடுத்த நாலு பேர் கணக்கைத் திறந்துகொள்வேன்.

என் கணவர் சப்தோ, மஞ்சள் ஷேர் வேன் ஓட்டுகிறவர். போன் உறைகளைத் தைத்துக் கொடுத்தது அவர்தான். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை மரியாதையாக ‘மாஸ்’ என்பேன்.

"வீட்ல அஞ்சு போன் கெடக்கு. ஒண்ணுலயாவது புருஷனுக்குக் கூப்பிடணும்னு உனக்குத் தோணுதா?"

"உங்களுக்குக் கூப்பிட்டா காசு வருமா மாஸ்?"

"கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு நானும் குடுக்கறேன். அடுப்படியிலேருந்து இங்க வரைக்கும் ஓடி வந்து ஒரு டீ குடு."

அப்படித்தான் எங்கள் நாட்கள் போயின, குறை சொல்ல ஒன்றுமில்லை.

தேர்வு ஓட்டம் அறிவித்த செய்தியை எனக்குச் சொன்னவள் நிங்ரும். சிறு வயதில் என்னோடு ஓடியவள். முழங்கால் போய்விட்டதால் இப்போது செமாராங்கில் ஒரு கிளப்பில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். வயதைப் பார்க்காமல் என் பெயரைச் சேர்க்கச் சொல்லி அவள்தான் மேலிடத்தில் வாதாடினாள். ஐந்து மாதத்துக்கான பயிற்சித் திட்டத்தையும் போனில் அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை மைதானத்தில் வேக ஓட்டம். வெள்ளிக்கிழமை கோபெங் மேட்டுச் சாலை. ஞாயிற்றுக்கிழமை நிற்காமல் ஒரு நெடுந்தூர ஓட்டம், கடைசியில் அது முப்பது கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு வியாபாரம் அதிகம். ஆபீஸ்காரர்கள் எல்லோரும் ஞாயிறு காலையில் ஓடியதாகக் காட்ட ஆசைப்படுவார்கள். செவ்வாயும் அப்படித்தான் போயிற்று. நான் ஒன்றும் சோம்பேறி இல்லை, தினமும் காலையிலும் சாயங்காலமும் காலில்தான் இருந்தேன். கூட்டிப் பார்த்தால் நிங்ரும் கேட்டதைவிட அதிகமாகவே வந்தது. கிலோமீட்டர் கிலோமீட்டர்தானே, யார் பெயரில் ஏறினால் காலுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

"வாரத்துக்கு எவ்வளவு ஓடற?" என்று நிங்ரும் போனில் கேட்பாள்.

"நூத்தி இருபது வருது நிங்."

"அடிப்பாவி. என்கிட்ட பழகற பொண்ணுங்களே நூறத் தாண்ட அழுவுதுங்க."

அவளுக்குச் சந்தோஷம். எனக்கும்தான்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாக் குந்தோரோ, அதாவது குந்தோரோ ஐயா, கூப்பிட்டார். எங்கள் ஊரிலேயே ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் துறைத் தலைவர். என் முதல் வாடிக்கையாளர், நல்ல மனிதர், ஈதுப் பெருநாளுக்குப் பிஸ்கட் டின் அனுப்புகிறவர். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிஷம் என்பது அவருக்கென்று நான் யோசித்துக் கண்டுபிடித்த வேகம். நாளடைவில் மற்றவர்களும் அதையே கேட்டார்கள். அவரும் அந்த மராத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தார். ஆபீஸ் மொத்தமும் அவரை நம்பிக் காத்திருந்தது. என்னை ‘ம்பா’, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்.

"ம்பா சுலிஸ், நான் ஆரம்பத்துல நின்னு போட்டோ எடுத்துக்கறேன். என் போன நீங்க இடுப்புல கட்டிக்கிட்டு ஓடிருங்க. நான் பக்கத்துல எங்கயாவது உக்காந்திருக்கேன்."

"அது ஆவாதுங்க பாக். அன்னிக்கு நான் எனக்காக ஓடறேன்."

"ஓடுங்க. கூட என்னோடதும் ஓடட்டுமே."

"என் வேகம் உங்களுக்குப் பொருந்தாதுங்க பாக். உங்க ஆபீஸே சிரிக்கும்."

அவர் கடகடவென்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பதிலைச் சொன்னதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

ஓட்டத்துக்கு முந்தின நாள் சப்தோ என் போனை வாங்கி, அதே செயலியில் என் பெயரில் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தார். அதுவரை எனக்கென்று கணக்கு இருந்ததில்லை. "நீ எங்க ஓடறன்னு இங்கேருந்தே புள்ளியா பாத்துக்கறேன்" என்றார். அந்த ஒரு போன் மட்டும் இடுப்புப் பட்டையில் முதுகுப் பக்கம் இருந்தது. புயங்கள் இரண்டும் காலி.

ஐந்தில் கை போனதைச் சொன்னேன். பத்தாவது கிலோமீட்டரிலும் போனது. இந்த முறை கையோடு காலும் நிற்கப் பார்த்தது. வலி இல்லை, மூச்சும் முட்டவில்லை. ஐந்து மாதமாக அந்த இடத்தில் நின்று தண்ணீர் குடித்துப் பழகிய உடம்பு, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டது. அதட்டி ஓட்டினேன். முன்னால் போகும் கூட்டத்தில் திதிஸ் என்ற பெண்ணின் பச்சைச் சட்டையைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். நிங்ருமிடம் பயிற்சி எடுப்பவள், இருபத்தொரு வயது, தோளை ஆட்டி ஆட்டி ஓடுவாள். அழகான ஓட்டம் என்று சொல்ல முடியாது.

பதினெட்டில் அந்தப் பச்சைச் சட்டை கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதானது. அவர்கள் வேகத்தைக் கூட்டவில்லை. நான்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். தொடையில் ஏதோ கனத்தது. அதட்டினேன், கெஞ்சினேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கால்கள் தாமாகவே ஒரு வேகத்துக்கு வந்து உட்கார்ந்தன. மூச்சு சீரானது. தோள் தளர்ந்தது. பழக்கமான இடத்துக்கு வந்துவிட்ட நிம்மதி உடம்பு முழுவதும் பரவியது. கடிகாரத்தைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. கிலோமீட்டருக்கு ஆறரை நிமிஷம். பாக் குந்தோரோவின் வேகம்.

அந்த இடத்தில் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல் டாக்டர் மரப்பு ஊசி போட்டு அனுப்பியது போல உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. தேர்வு போய்விட்டது என்பதை யாரோ எனக்குத் தகவலாகச் சொன்ன மாதிரி இருந்தது. சரி என்றேன்.

வெயில் ஏறியது. செமாராங் வெயில் கடல் ஈரத்தோடு சேர்ந்து அடிக்கிற வெயில். எங்கள் மலையூர்க் காற்றில் தினமும் விடியலில் ஓடிப் பழகிய எனக்கு அதற்கும் தயாரிப்பு இல்லை. சாலையோரம் பள்ளிப் பிள்ளைகளின் பேண்டு வாத்தியக் குழு அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. ஒரு தொண்டர் வாழைப்பழத்தை உரித்தே நீட்டினார். வாங்கினேன், கையில் வைத்துக்கொண்டே ரொம்ப தூரம் ஓடினேன், சாப்பிட மறந்துவிட்டேன். இருபத்தெட்டுக்கு மேல் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. அந்தத் தூரம் என் கால்கள் அதுவரை பார்த்தே இராத தூரம். நடந்தேன். கொஞ்சம் ஓடினேன். மறுபடி நடந்தேன். யானை வேஷம் போட்ட ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். போகும்போது தும்பிக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "விடாதீங்க ம்பா" என்றார்.

விட்டிருக்கலாம். ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு போகப் பேருந்து பின்னாலேயே வந்தது. ஏறாததற்கு வீரம் காரணமில்லை. நிறுத்தச் சொல்லிக் கை காட்டுவதற்கும் ஒரு மனசு வேண்டும், அது என்னிடம் இல்லை.

முடிவுக் கோட்டைத் தாண்டியபோது நாலு மணி நேரம் ஆகிச் சில நிமிஷங்களும் ஆகியிருந்தன. முதல் பெண்கள் வந்து, வாந்தி எடுத்து, குளித்து, போட்டோவும் எடுத்து முடித்திருந்தார்கள். திதிஸ் மூன்றாவதாக வந்திருந்தாள். கூடாரத்துக்குள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு யாரிடமோ போனில் சிரித்தபடி அழுதுகொண்டிருந்தாள். அவள் மேல் எனக்குப் பொறாமை வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

நிங்ரும் இனிப்பு டீயைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம். என்னைச் சேர்க்கச் சொல்லி வாதாடியவள் அவள்.

"கால்ல எதாவது அடியா?"

"இல்ல."

"வயித்தப் போக்கு?"

"இல்ல நிங்."

"அப்ப என்னடி? பதினெட்டு வரைக்கும் நல்லாத்தான வந்த. வாரத்துக்கு நூத்தி இருபதுன்ன."

"நூத்தி இருபதுதான்."

"ஞாயித்துக்கெழம நெடுந்தூரம் அதிகபட்சம் எவ்வளவு போன?"

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அஞ்சு" என்றேன். "சில நாள் பத்து. நின்னு நின்னு."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. எனக்கு என்ன பிழைப்பு என்று அவளுக்குத் தெரியும். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத்தான் இல்லை.

"எல்லாம் அவங்களுக்கு ஓடுனதா?"

"ஆமா."

"அவங்க வேகத்துல?"

"ஆமா."

நிங்ரும் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அஞ்சு மாசம் மெதுவா ஓடப் பழகிட்டு வந்திருக்க சுலிஸ்" என்றாள். "அதுல நீ கெட்டிக்காரி. அத நல்லாவே செஞ்ச." பிறகு திதிஸ் கூப்பிட்டாள் என்று எழுந்து போய்விட்டாள். அவள் சொன்னது சரி. திட்டியிருந்தால் வலித்திருக்கும், எனக்கு அதுகூட இல்லை.

சாலாதிகா பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் என் கழுத்திலிருந்த பங்கேற்புப் பதக்கத்தைப் பார்த்து வாழ்த்துச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு அதைக் கழற்றிப் பையில் போட்டேன். ஊர் எல்லையில் இறங்கினால் மஞ்சள் வேனோடு சப்தோ நின்றார். படியில் கால் வைக்க முடியாமல் நான் கம்பியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்கியதை அவர் பார்த்தார். ஓடிவந்து தாங்கவில்லை. அப்படி வந்தால் எனக்குப் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும்.

முன் இருக்கையில் என்னை உட்காரவைத்துவிட்டு ஓட்டுநர் பக்கம் ஏறினார். சாவியைத் திருகவில்லை.

"ஒரு எடத்துல உன் புள்ளி நின்னே போச்சு. போன்தான் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு தட்டு தட்டுனேன்."

"போன் இல்ல மாஸ். நான்தான்."

"தெரியும்" என்றார். இருக்கைக்கு அடியிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தார். பலாக்காய்க் கறியும் மாட்டு நரம்பும் போட்ட சோறு. வாசனை வந்தது, பசி வரவில்லை.

அப்போது போன் சிணுங்கியது. பாக் குந்தோரோ. செய்தி அனுப்பியிருந்தார்.

‘ம்பா சுலிஸ், நல்லாருக்கீங்களா? உங்க பேர்ல கணக்கு இருக்கறத இன்னிக்குத்தான் பாத்தேன். ஓட்டத்தையும் பாத்தேன். தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு உங்க வேகம் எனக்குப் பொருந்தாதுன்னு சொன்னீங்க. இப்பப் பாத்தா கச்சிதமா பொருந்துது. நாலு மணி நேரம் சொச்சம், நடுவுல நடக்கற எடம் எல்லாம் அப்படியே நான் ஓடுன மாதிரியே இருக்கு. ஆரம்பம் மட்டும் கொஞ்சம் வேகம். ஆர்வக் கோளாறுன்னு சொல்லிச் சமாளிச்சுக்கறேன். அந்தப் பதிவ மட்டும் எனக்கு அனுப்பி வச்சிட்டு உங்க கணக்குலேருந்து அழிச்சிருங்க. எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க.’

இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் படிக்கும்போது எழுத்து கலங்கியது. காலையிலிருந்து வராதது எல்லாம் அப்போது வந்தது. சப்தம் போட்டு அழுதேன். மடியில் சோற்றுப் பொட்டலம் குலுங்கியது. வேனில் ஏற வந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் நின்ற வண்டிக்குப் போய்விட்டாள். சப்தோ என் கையிலிருந்து போனை வாங்கிப் படித்தார்.

"நல்ல மனுஷன்தான்" என்றார் கடைசியில். "கெட்டவனா இருந்தாத் திட்டவாவது செய்யலாம்."

"குடுத்துரலாமா மாஸ்?" என்று கேட்டேன். உண்மையாகவேதான் கேட்டேன். எனக்கு அது எதற்கு? ஊர் பார்த்தால் வெட்கம். அவருக்கோ பெருமை. அவர் கேட்டபடி கொடுத்தால் இரண்டு மாத வாடகைக்குக் கவலை இல்லை.

சப்தோ போனைக் கீழே வைக்கவில்லை. என் ஓட்டத்தை விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலி ஒவ்வொரு கிலோமீட்டரையும் தனித்தனிக் கோடாகக் காட்டும். பதினேழு வரை கோடுகள் ஒரே சீராக இருந்தன. பதினெட்டாவது குட்டையாகியிருந்தது. அதற்குப் பிறகு ஒரே உயரத்தில் பத்துக் கோடு, பாக் குந்தோரோ. அதற்கும் பிறகு எல்லாம் நொறுங்கிக் கிடந்தது.

"இதென்ன இங்க திடீர்னு எறங்குது?" என்று பதினெட்டைத் தொட்டுக் கேட்டார்.

"அங்கதான் கெட்டுது."

"ஏன்?"

"அதுக்கு மேல வேகமா ஓடப் பழகல."

"இங்க?"

"அவ்வளவு தூரம் போனதே இல்ல. இருபத்தெட்டு அது."

அவர் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே வந்தேன். எதற்கு என்ன காரணம் என்று ஒவ்வொரு கோட்டுக்கும் எனக்குத் தெரிந்திருந்தது. செவ்வாய்க்கிழமைகள் எங்கே போயின, ஞாயிறுகள் எங்கே போயின என்று அந்தக் கோடுகளில் கைவைத்துக் காட்ட முடிந்தது. அழுகை நின்றுவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினேன்.

‘மன்னிச்சுக்குங்க பாக். இது எனக்குத் தேவப்படுது’ என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. ‘தோத்த ஓட்டம் உங்களுக்கு எதுக்கு ம்பா?’

‘எங்க கெட்டுதுன்னு இதுலதான் இருக்கு’ என்று எழுதினேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஒரு கும்பிடு போட்ட கைகளை மட்டும் அனுப்பினார்.

நான்கு வருஷம் கழித்து எனக்கு முப்பத்தைந்து நெருங்கும். முகாம் போய்விட்டது, அது போனது போனதுதான். நாளைக்குக் காலையில் நான்கு பேர் கணக்கோடு போன்கள் மேஜையில் காத்திருக்கும், வாடகை இருக்கிறது, போகாமல் முடியாது. செவ்வாய்க்கிழமை மட்டும் யாருக்கும் ஓடுவதில்லை என்று சொல்லிவிட வேண்டும்.

செயலி இன்னும் விடாமல் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. என் ஓட்டத்துக்கு நான் தலைப்பு வைக்கவில்லை. மற்றவர்களுக்கு நூற்றுக்கணக்கில் எழுதிக் கொடுத்தவள் நான். முழங்கால் வலி, மழை, தூக்கக் கலக்கம், எத்தனை சாக்கு வேண்டும். அந்தக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு சற்று உட்கார்ந்திருந்தேன்.

‘பயிற்சி போதவில்லை’ என்று எழுதிச் சேமித்தேன்.

சப்தோவின் சட்டைப் பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினார். என் திரையில் பாராட்டு ஒன்று என்று வந்தது. பிறகு அவர் வண்டியைக் கிளப்பினார், நான் பொட்டலத்தைப் பிரித்தேன்.